மாரீஸ்வரி வாங்கிய டிரைவ்

சோழபுரத்துக் கல்யாணப் படங்கள் போய்விட்டன என்பதை மாரீஸ்வரிதான் முதலில் கண்டாள்.

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் சமுத்திரம் நடத்திய ஸ்டுடியோவில் அவளுக்குக் கல்யாண ஆல்பம் டிசைன் செய்கிற வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோய் ஏழு வருஷம் ஆகியிருந்தது. அன்று காலை படங்களைப் பிரிக்க உட்கார்ந்தாள். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் எடுத்த படங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நலங்கு, மாப்பிள்ளை அழைப்பு, பந்தி, எல்லாம் இருந்தன. கல்யாணத்தன்று காலைப் படங்களின் பெயர்களும் வரிசையாக நின்றன. அளவும் சரியாகக் காட்டியது. ஆனால் ஒன்றைத் தட்டினால் வெறும் சாம்பல் நிறக் கட்டம்தான் வந்தது. அடுத்ததும் அப்படியே. கடைசிப் படத்துக்குப் போய்த் தட்டிப் பார்த்தாள். அதுவும் அப்படியே.

காரணம் அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன்னால் சமுத்திரம் படங்களைச் சேமித்து வைக்க ஒரு புதிய டிரைவை ஆன்லைனில் வரவழைத்திருந்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. பளபளப்பான கறுப்பு உறை. ரெண்டு டிபி எஸ்எஸ்டி, அதாவது ரெண்டாயிரம் ஜிபி பிடிக்கும் என்று மேலே போட்டிருந்தது. விலை ஆயிரத்து நானூறு.

"அண்ணே, இந்த விலைக்கு ரெண்டு டிபி வராதுண்ணே. எந்தக் கம்பெனின்னே போடல. வாரண்டி கார்டும் இல்ல. இது டூப்பு" என்று அவள் அன்றே சொன்னாள்.

"ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம் மாரி. கம்ப்யூட்டர்ல சொருகினா ரெண்டு டிபின்னுதான காட்டுது? பெறகென்ன? இதுலயே போடு."

அவளும் போட்டாள். முதலில் வந்தவை ரெண்டு காதுகுத்து விசேஷங்கள். சின்ன வேலைகள். அதனால் ஒன்றும் தெரியவில்லை. பெரிய கல்யாணம் என்று அதில் ஏறியது சோழபுரத்து வேலைதான். ஸ்டுடியோவில் இருந்ததே நாலு மெமரி கார்டு. டிரைவில் ஏற்றிய கையோடு சமுத்திரம் அவற்றை அழித்து ஆலங்குளத்தில் ரெண்டு நாள் கல்யாணம் எடுக்கக் கொண்டுபோய்விட்டார். கார்டுகள் நிரம்பித் திரும்பியிருந்தன. பழைய படங்களுக்கு அவற்றில் இனி இடமில்லை.

அவள் சமுத்திரத்தைக் கூப்பிட்டுக் காட்டினாள். மௌஸை வாங்கி அவரும் பத்துப் பதினைந்து படங்களைத் தட்டிப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் அவர் போன் அடித்தது. பெண்ணின் அப்பா கண்ணுச்சாமி. பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். சோழபுரத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

சமுத்திரம் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தார். அவர் குரல் மட்டும் அவளுக்குக் கேட்டது.

"ஆமாங்கய்யா... அதச் சொல்லத்தான் நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஒரு தப்பு நடந்துபோச்சு. இங்க வேலை பாக்கிற புள்ள, தெரியாம டெலிட் அடிச்சிருச்சு... பொம்பளப் புள்ள, என்னத்தச் சொல்ல... நான் கண்டிச்சிட்டேன்யா."

மாரீஸ்வரி எழுந்துவிட்டாள்.

மேசை டிராயரில் கேமரா ஸ்டாண்டு மாட்டுகிற சின்ன ஸ்க்ரூடிரைவர் இருந்தது. டிரைவைக் கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கினாள். உறையின் ஓரத்தில் முனையை விட்டு நெம்பினாள். இரண்டாகப் பிளந்தது. உள்ளே விரல் நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு பசை வைத்து ஒட்டியிருந்தது. கனம் தெரிவதற்காக ஒரு இரும்புத் துண்டும் வைத்திருந்தார்கள். கார்டின் முதுகில் அறுபத்து நாலு ஜிபி என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் போட்டதெல்லாம் பெயராக மட்டும் நின்றிருக்கிறது.

சமுத்திரம் போனை வைத்துவிட்டுத் திரும்பினார். அவள் அந்த ரெண்டு பாதியையும் கவுண்டரில் அவர் முன்னால் வைத்தாள்.

"அண்ணே, நான் டெலிட் அடிக்கல. இதுதான் அழிச்சது. இத வாங்கினது நீங்க. அவருக்குத் திரும்பப் போனப் போட்டு அதச் சொல்லுங்க."

"ஏ மாரி, செத்த நேரம் சும்மா இரு. அந்தாளு பட்டாளத்துக்காரன். ஊரோட வந்து கடைய ஒடைப்பான். ஒன்னையன்னா பொம்பளன்னு விட்டுருவான். ஒன் சம்பளத்துல ஒண்ணும் பிடிக்க மாட்டேன். போதுமா?"

"என் பேரப் பிடிச்சுட்டிய. அதுக்கு மேல என்ன இருக்கு பிடிக்க?"

"இந்த வேலையே நான் கத்துக் குடுத்தது."

"ஆமாண்ணே. அத நான் எங்கயும் மறைக்கல. நீங்களும் இத மறைக்காதிய."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். திறந்து கிடந்த டிரைவையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டாள். "இதுல சாயங்காலத்துப் படம் இருக்கு. கட்டாயம் வேணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். அவர் தடுக்கவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நின்றது. அவள் ஏறவில்லை. எதிர்த்திசையில் சோழபுரம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறினாள்.

கண்ணுச்சாமி வீட்டு முற்றத்தில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. பனியனும் வேட்டியுமாக அவர் ஒரு கம்பால் அதைப் புரட்டிவிட்டுக்கொண்டிருந்தார். ஸ்டுடியோப் பெண் என்று சொன்னதும் கம்பைக் கீழே போட்டார்.

"நீதான் அழிச்சவளா?"

"இல்லய்யா. நான் அழிக்கல. என்ன நடந்துச்சுன்னு காட்டத்தான் வந்தேன்."

பையிலிருந்ததை எடுத்துக் காட்டினாள். கறுப்பு உறை, இரும்புத் துண்டு, நகம் அளவுக் கார்டு. எப்படி ஏமாற்றியிருக்கிறார்கள், எங்கே நின்றுபோனது என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் அந்த இரும்புத் துண்டை உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல ஆட்டினார். அவர் மனைவி இருளம்மாள் வாசலுக்கு வந்து நின்றுவிட்டாள்.

"தாலி கட்டினது இல்லையா?" என்று இருளம்மாள் கேட்டாள்.

"அதுவும் இல்லம்மா."

இருளம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். கண்ணுச்சாமி இரும்புத் துண்டைத் திரும்ப அவள் பையில் போட்டார். பிறகு, கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

"இது டூப்புன்னு ஒனக்கு மொதல்லயே தெரியுமா?"

"சந்தேகம் இருந்துச்சு. அண்ணங்கிட்டச் சொன்னேன்."

"சொன்ன. பொறவு எங்க வீட்டுப் படத்த அதுலயே போட்ட."

அதை அவள் எதிர்பார்க்கவில்லை. பஸ்ஸில் வந்த நேரம் முழுக்கச் சமுத்திரத்திடம் சொல்லாமல் விட்டதையெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்திருந்தாள்.

"போட்டேன்யா" என்றாள். "மொதலாளி சொன்னாருன்னு போட்டேன். போட மாட்டேன்னு நின்னிருக்கணும். அது என் தப்புதான். அழிச்சேங்கிறது மட்டும் பொய்."

அவர் கீழே கிடந்த கம்பை எடுத்தார்.

"சரி. இப்ப என்ன செய்யப் போற?"

"ரெண்டாவது கேமராக்காரர் ஒருத்தர் எடுத்தாருல்ல, அவரு கார்டு அவரோட சொந்தக் கார்டு. அதுல ஏதாவது மிச்சம் இருக்கான்னு பாக்கப் போறேன். உறுதி சொல்ல முடியாது. இருந்தா எடுத்துட்டு வாரேன்."

அந்த ரெண்டாவது கேமராக்காரர் விஜயபாண்டிக்கு நாற்பது வயசு. எந்த ஸ்டுடியோ கூப்பிட்டாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவார். அவள் போன் பண்ணியபோது தென்காசி ரோட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கார்ட பார்மட் அடிச்சு ஒரு சடங்கு வேற எடுத்துட்டனேம்மா."

"எம்புட்டு எடுத்திய?"

"கொஞ்சந்தான். நூறு நூத்தம்பது படம் இருக்கும்."

"அண்ணே, இனி அதுல ஒரு படங்கூட எடுக்காதிய. கேமராவ விட்டு வெளிய எடுத்துருங்க. நான் அங்க வாரேன்."

கார்டு அவள் கைக்கு வந்தது. பார்மட் அடித்தாலும் மேலே புதிதாக ஏறும்வரை பழைய படங்கள் கார்டில் கிடக்கும்; புதிய படங்கள் கார்டின் முன்பகுதியைத்தான் தின்றிருக்கும். பின்பகுதியில் காலைப் படங்கள் கிடக்க வாய்ப்பு உண்டு. தோண்டி எடுக்கிற மென்பொருள் அவளிடம் இருந்தது. எடுத்ததைக் கொட்டி வைக்கத்தான் நல்ல இடம் இல்லை. வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் ஒரு மாதமாகவே டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. தோண்டியதைத் திரும்ப அந்தக் கார்டிலேயே போட்டால் உள்ளதும் போய்விடும்.

கணவன் சோணைமுத்து மில் ஷிப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான். நூல் தூசி இன்னும் அவன் புருவத்தில் ஒட்டியிருந்தது.

"வேலைய விட்டுட்டு வந்தது போதாதா? எவன் வீட்டுக் கல்யாணமோ, அவன் பாடு. நாளைக்குப் போயி சமுத்திரம் அண்ணன்ட்ட ஒரு வார்த்த தணிஞ்சு பேசிட்டு வேலையப் பாரு."

"தணிஞ்சு பேசினா நான் அழிச்சேன்னு ஒத்துக்கிட்டதா ஆயிரும்."

"யாரு ஞாபகம் வச்சிருக்கப் போறா?"

"நான் வச்சிருப்பேன்ல."

அன்று அவள் சோறு போடும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவள் திரும்பவும் ராஜபாளையம் போனாள். கம்ப்யூட்டர் பொருள் விற்கிற தங்கப்பாண்டியனின் கடை திறந்ததும் முதல் ஆளாக நின்றாள். கையில் நாலாயிரம் இருந்தது. அதற்கு மேல் ஒரு ரூபாய் இல்லை.

"எஸ்எஸ்டி வேணும். வெல கொறைவா இருக்கணும். ஆனா ஏமாத்தக் கூடாது."

தங்கப்பாண்டியன் சிரித்தார். கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து ஒன்றை எடுத்து வைத்தார். "ஒரு டிபி. இந்த வெலைக்கு மெட்ராஸ்ல கூடக் கெடைக்காது."

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெயர் கேள்விப்படாத பெயர். "வாரண்டி யாரு தாரா?"

"நாந்தான் தாரேன். ஆறு மாசம்."

"எழுதிக் குடுப்பியளா?"

"எல்லாம் வாய்ப்பேச்சுதாம்மா. நம்பிக்கைதான?"

"வேண்டாம். வேற எடுங்க. அளவு கொறைஞ்சாலும் பரவால்ல. கம்பெனி வாரண்டி மூணு வருஷமாவது இருக்கணும். அட்டையில சீரியல் நம்பர் இருக்கணும். எத்தன டிபி எழுதினா தாங்கும்னு கம்பெனி சொல்லியிருக்கணும்."

கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தங்கப்பாண்டியனின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. இன்னொன்றை எடுத்தார். ஐந்நூறு ஜிபி. தெரிந்த கம்பெனி. விலையும் அவள் கையிருப்புக்குள் அடங்கியது. அவள் போனை எடுத்து அட்டையிலிருந்த சீரியல் நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் அடித்துப் பார்த்தாள். அதே மாடல், அதே அளவு, வாரண்டி இருக்கிறது என்று வந்தது.

"இது சரி. இனி ஒங்க கம்ப்யூட்டர்ல போட்டு முழுசா எழுதிப் பாக்கணும்."

"என்னது?"

"ஒரு புரோகிராம் இருக்கு. டிரைவ் நெறையிற வரைக்கும் எழுதும். பொறவு எழுதினதப் பூராத் திரும்பப் படிக்கும். சரியா வந்தாத்தான் ஐந்நூறு ஜிபி நெசம்."

"ஏம்மா, இதென்ன சேலையா, பிரிச்சு ஒதறிப் பாக்க? சீல ஒடைச்சா நான் யாருக்கு விப்பேன்?"

"ஒடைங்க. நல்லா இருந்தா நாந்தான் வாங்குவேன். கொறை இருந்தா நீங்க கம்பெனிக்கு அனுப்புங்க. ஒங்களுக்கு என்ன நட்டம்?"

"எம்புட்டு நேரம் ஆகும் தெரியுமா? ரெண்டு மணி நேரம்."

"உக்காந்திருக்கேன்."

"யாவாரம் நடக்கிற எடத்துல..."

"நானும் யாவாரத்துக்குத்தான் வந்திருக்கேன்." அவள் குரல் ஏறவில்லை. "ஒரு டூப்பு டிரைவால ஒரு பொண்ணு தாலி கட்டின படம் போச்சு. பழி என் மேல. இனி எழுதிப் பாக்காத டிரைவுல நான் ஒரு படத்தயும் போட மாட்டேன். ஒங்க கடையில முடியாதுன்னா சொல்லுங்க, செய்யிற கடையத் தேடிப் போறேன்."

நின்றிருந்த இருவரில் ஒருவர், "எழுதித்தான் காட்டுங்களேன் அண்ணாச்சி, நாங்களும் பாத்துக்கிடுதோம்" என்றார்.

தங்கப்பாண்டியன் முணுமுணுத்துக்கொண்டே சீலை உடைத்தார்.

அவள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாள். திரையில் பச்சைக் கோடு மெல்ல நீண்டது. முதலில் வேகமாகப் போனது. பாதிக்கு மேல் வேகம் குறைந்தது. விலை குறைந்த டிரைவில் அது சகஜம் என்று அவளுக்குத் தெரியும். வேகம் அவளுக்கு முக்கியமில்லை. போட்டது போட்டபடி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஆட்கள் வந்து போனார்கள். ஒருவர் மௌஸ் வாங்கினார். ஒருவர் பிரிண்டர் மை கேட்டு, இல்லையென்று போனார். ரெண்டு மணி நேரத்துக்கு மேலேயே ஆகிவிட்டது. கடைசியில் ஒரு பிழையும் இல்லை என்று திரை காட்டியது.

"இப்ப திருப்தியா?" என்றார் தங்கப்பாண்டியன்.

"பில்லு போடுங்க. சீரியல் நம்பரோட."

"பில்லு போட்டா வெல கூடும்."

"நீங்க சொன்ன வெலைக்குத்தான் பில்லு. பில்லு இல்லாம அந்த மூணு வருஷ வாரண்டிய வச்சு நான் என்ன செய்ய?"

அவர் பில் போட்டார். சீரியல் நம்பரின் கடைசி ஒரு எண்ணைத் தப்பாக எழுதியிருந்தார். அவள் அதையும் திருத்தி வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினாள்.

அன்று மத்தியானமே வேலையைத் தொடங்கினாள். பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றிவிட்டுப் புதிய டிரைவை மாட்டி விண்டோஸ் ஏற்றினாள். மென்பொருள் விஜயபாண்டியின் கார்டைத் துளித் துளியாகத் தோண்டியது. வந்ததில் பாதி பாதியாக வெட்டுப்பட்ட படங்கள் நிறைய. மேலே பந்தலும் கீழே சாம்பலுமாக இருந்தன. அவற்றை ஒதுக்கிக்கொண்டே போனாள். மூன்றாம் நாள் காலை ஒரு படம் முழுசாகத் திறந்தது. பக்கவாட்டிலிருந்து எடுத்தது. மணப்பெண் வெங்கடேஸ்வரி குனிந்திருக்கிறாள். மாப்பிள்ளையின் கை அவள் கழுத்துக்குப் பின்னால் முடிச்சில் இருக்கிறது. பின்னால் கண்ணுச்சாமி, பட்டாளத்துக்காரர், அழுதுகொண்டிருக்கிறார்.

மாரீஸ்வரி அந்தப் படத்தை முதல் வேலையாக, ஏற்கெனவே எழுதிப் பார்த்து வைத்திருந்த ஒரு பென் டிரைவிலும் போட்டாள்.

காலைப் படங்களில் இருநூற்றுப் பதினொன்று கிடைத்தன. முதல் நாள் சாயங்காலத்துப் படங்களை அந்த நகம் அளவுக் கார்டிலிருந்து எடுத்துக்கொண்டாள். ஒரு ஆல்பத்துக்கு அது போதும். பெரிய ஆல்பத்துக்குப் போதாது. அச்சடித்து வாங்கியதும் சோழபுரத்துக்கு எடுத்துப் போனாள். வெங்கடேஸ்வரி சுந்தரபாண்டியத்துப் புகுந்த வீட்டிலிருந்து வந்திருந்தாள். தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்தினாள்.

"அப்பா அழுதாகளா? எனக்குத் தெரியவே தெரியாது."

கண்ணுச்சாமி தொண்டையைக் கனைத்தார். "ஓமப் பொகை" என்றார்.

இருளம்மாள் சத்தமாகச் சிரித்தாள். அந்த வீட்டில் அவள் சிரித்து மாரீஸ்வரி பார்த்தது அதுதான் முதல் தடவை.

"மிச்சப் படம் இனி வராதுய்யா. இது இப்ப என் கம்ப்யூட்டர்ல ஒண்ணு, பென் டிரைவுல ஒண்ணு, ரெண்டு எடத்துல இருக்கு. இந்தாங்க, இது இன்னொரு பென் டிரைவு, ஒங்களுக்கு. இத்தோட மூணு. ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்."

கண்ணுச்சாமி பென் டிரைவை வாங்கிக்கொண்டார். பாராட்டாக ஒன்றும் சொல்லவில்லை. வாசல் வரை வந்து, "பஸ்ஸுக்கு நேரமிருக்கு, வண்டியில கொண்டு விடுறேன், ஏறு" என்றார்.

ஐப்பசி பிறந்ததும் சமுத்திரம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்துவிட்டார். சோணைமுத்து அவரை உட்கார வைத்துக் காபி கொடுத்தான். அவர் மாரீஸ்வரியின் கம்ப்யூட்டரையும், திரையில் திறந்திருந்த ஒரு காதுகுத்துப் படத்தையும் பார்த்தார். விஜயபாண்டியும் இன்னொரு கேமராக்காரரும் இப்போது அவளுக்கு நேரடியாகவே வேலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதிகமில்லை. மாதத்துக்கு ரெண்டோ மூணோ.

"ஆறு ஆல்பம் நிக்குது மாரி. எவனுக்கும் ஒன் கை வரல. சம்பளமும் ஏத்தித் தாரேன். திங்கக்கிழமை வந்துரு."

"வாரேண்ணே. டிரைவ நாந்தான் பாத்து வாங்குவேன். எந்தக் கல்யாணமும் ரெண்டு எடத்துல ஏறின பொறவுதான் கார்ட அழிக்கணும்."

"சரி. ஒத்துக்கிட்டேன்."

"அப்புறம் சோழபுரத்துக்கு ஒரு போன் போடுங்க. அந்தப் புள்ள அழிக்கலன்னு சொல்லுங்க."

சமுத்திரம் டம்ளரைக் கீழே வைத்தார். "அதான் நீயே போயிச் சொல்லிட்டியே. அவருக்கும் தெரியும்."

"நான் சொன்னது அவருக்குத் தெரியும். நீங்க சொன்னத நீங்க மாத்தல."

"ஒரு போன்ல என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்லன்னா இப்பவே போடுங்க. நம்பர் எங்கிட்ட இருக்கு."

சமுத்திரம் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். கண்ணுச்சாமியின் பெயரைத் திரையில் தேடி எடுத்தார். சோணைமுத்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அவர் போனைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வயசுல மூத்தவன் நான். இப்படி மண்டியிட வைக்கக் கூடாது மாரி."

"நான் மண்டியிடச் சொல்லல. நடந்ததச் சொல்லச் சொன்னேன்."

அவர் போனார். பைக் கிளம்புகிற சத்தம் தெருமுனை வரை கேட்டது. சோணைமுத்து காலி டம்ளரை எடுத்தான். வாசலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"ஆறு ஆல்பம் ஏட்டி. அம்புட்டையும் விட்டுட்டியே."

"விட்டுட்டேன்" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தக் காதுகுத்துக் குழந்தையின் அழுகிற முகத்தைப் பக்கத்தின் நடுவுக்கு நகர்த்தினாள்.